கொழுப்பு ஊசிக்குப் பிறகு வரும் வலி: எது ஊசியின் கணக்கு, எது இல்லை

"ஊசி போட்டதுலருந்து இடுப்பே நிமிர மாட்டேங்கு" என்று ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர் சொன்னால், மூன்று கேள்வி கேட்காமல் பதில் சொல்ல முடியாது. எந்த ஊசி? போட்டு எத்தனையாவது நாள் வலி வந்தது? அந்த வாரத்தில் வேறு என்ன மாத்திரை புதிதாகச் சேர்ந்தது? இதில் ஒன்றுக்கும் விடை தெரியாமலே ஊசியை நிறுத்துபவர்கள் உண்டு. ஊசியோடு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையையும் சேர்த்து ஒரே நாளில் நிறுத்துபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகைதான் பெரிய வம்பு. இரண்டையும் ஒன்றாக நிறுத்தி வலி குறைந்தால், எதை நிறுத்தியதால் குறைந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதற்குள் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கே ஏறிவிடும்.

யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாததை முதலில் சொல்லிவிடலாம். ஊசி போட்ட சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குவது, மூச்சு இழுப்பது, தொண்டை அடைப்பது, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பித் தலை சுற்றுவது என்று வந்தால் 108. அவில் மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. அந்த நேரத்தில் தேவைப்படுவது தொடைத் தசையில் போடும் அட்ரினலின். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் இருப்பவர்கள் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடலாம் என்று இழுக்காமல், அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை போல வழியில் முதலில் வருவதில் ஏறுவதுதான் சரி. இது அரிதாகவே நடக்கும். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு அந்த மருந்தை மறுபடி போடக் கூடாது.

இன்னொன்றும் இதே வரிசையில் வரும். இந்த ஊசி போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், அல்லது பரம்பரையாகவே கொழுப்பு மிக அதிகமாக உள்ள குடும்பத்தினர். நெஞ்சை அழுத்தும் வலி, தாடையிலோ இடது கையிலோ இறங்கும் வலி, வேர்த்துக் கொட்டுவது இவற்றை "ஊசியோட பக்கவிளைவு போல" என்று ஒதுக்கவே கூடாது. அதற்கும் 108தான்.

இனி ஊசிகளின் கணக்கு. எவோலோகுமாப் (ரெபாதா) 14 நாளுக்கு ஒருமுறை 140 மி.கி., அல்லது மாதம் ஒருமுறை 420 மி.கி. அலிரோகுமாப் (ப்ராலுவென்ட்) 14 நாளுக்கு ஒருமுறை 75 அல்லது 150 மி.கி. இவை இரண்டும் ஒரே வகை, ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்கள். நம் கல்லீரலின் மேற்பரப்பில் எல்.டி.எல். கொழுப்பைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அந்த ஏற்பிகளை அழித்துக்கொண்டே இருக்கும். இந்த ஊசி மருந்து ரத்தத்தில் சுற்றி அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கிவிடுகிறது. ஏற்பிகள் பிழைத்துக்கொள்ள, ரத்தத்தில் உள்ள கொழுப்பு இறங்குகிறது. மூன்றாவது ஊசி இன்கிளிசிரான் (இந்தியாவில் சைப்ராவா), 284 மி.கி. முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. இது அந்தப் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையே குறைத்துவிடும். இதை வீட்டில் போட்டுக்கொள்வதில்லை, மருத்துவமனையில்தான் போடுவார்கள்.

பக்கவிளைவைத் தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், மூன்றும் உடம்பில் தங்கும் காலம் வேறு. எவோலோகுமாபின் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ 3, 4 நாளில் உச்சத்துக்கு வரும். பிறகு 11 முதல் 17 நாளில் பாதியாகக் குறையும். அலிரோகுமாப் பாதியாக 17 முதல் 20 நாள் ஆகும். எனவே போட்ட அன்று சாயங்காலம் வந்து மறுநாள் காலையில் போய்விட்ட தலைவலியை, ரத்தத்தில் மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மறைந்த தலைவலியை, மருந்தின் மேல் சுமத்துவது கொஞ்சம் கடினம். அதே சமயம், உண்மையிலேயே மருந்தால் வந்த உடல்வலி என்றால் ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டு நாலு நாளில் பலன் பார்க்க முடியாது. மருந்து முழுக்க வெளியேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இன்கிளிசிரான் இதற்கு நேர்மாறு. ரத்தத்திலிருந்து இரண்டே நாளில் போய்விடும், ஆனால் கல்லீரலுக்குள் அதன் வேலை ஆறு மாதத்துக்கு மேலும் ஓடும். அதை "நிறுத்திப் பார்ப்பது" என்ற சோதனையே சாத்தியமில்லை. போட்டது போட்டதுதான். அலர்ஜி உடம்புக்காரர்களுக்கு முதல் ஊசியே ஆறு மாத ஊசி வேண்டாம், 14 நாள் ஊசியில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி என்பது என் எண்ணம்.

சரி, ஊசி போட்ட இடம். உறுதியாக ஊசியின் கணக்கில் எழுதக்கூடியது இதுதான். சிவப்பது, வலிப்பது, தொட்டால் கட்டியாக இருப்பது, ரத்தம் கட்டி நீலமாவது. 2017ல் வெளியான ஃபூரியே ஆய்வில் 27,564 பேர் இருந்தார்கள். ஊசி போட்ட இடத்தில் தொந்தரவு எவோலோகுமாப் போட்டவர்களில் 2.1 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 1.6 சதவீதம். 2018ன் ஒடிசி ஆய்வில் அலிரோகுமாபுக்கு 3.8, வெறும் ஊசிக்கு 2.1. இன்கிளிசிரானில்தான் இது கூடுதல். 2020ல் வந்த ஓரியன் ஆய்வுகள் இரண்டில் ஒன்றில் 2.6 சதவீதம், மற்றதில் 4.7. வெறும் ஊசியில் இரண்டிலும் 1 சதவீதத்துக்கும் கீழே. பெரும்பாலும் லேசானதுதான், சில நாளில் தானாக வடிந்துவிடும்.

ரத்தம் கட்டுவதற்கு வேறொரு காரணமும் கூடவே இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க எக்கோஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துச் சாப்பிடுவார். ஊசி முனை ஒரு சின்ன ரத்தக் குழாயில் பட்டாலே அவருக்கு எட்டணா அளவு நீலம் படரும். அதற்காக அந்த மாத்திரைகளை ஒரு நாள் விட்டுவிட்டு ஊசி போடுவது மகா தவறு. ஸ்டென்டில் ரத்தம் உறைந்துவிடலாம். ஊசியை எடுத்ததும் உலர்ந்த பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். தேய்க்கக் கூடாது. சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய், வெந்நீர் ஒத்தடம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். சிவப்பு நாளுக்கு நாள் பரவி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போடும் முறையில் வரும் வலிதான் இதில் அதிகம், அதை நாமே தடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே போட்டால் கடுக்கும். அட்டைப் பெட்டியை வெளியே எடுத்து 30 நிமிடமாவது வைக்க வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் முக்குவது, வெயிலில் வைப்பது, கையில் உருட்டுவது, குலுக்குவது கூடாது. ஸ்பிரிட் துடைத்த இடம் முழுக்க உலர வேண்டும். ஈரத்தோடு குத்தினால் அந்த எரிச்சலை மருந்தின் எரிச்சல் என்று நினைத்துக்கொள்வோம். ரெபாதா ஊசிப் பேனாவில் ஆரஞ்சு மூடியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். கழற்றி 5 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தோலை இழுத்து இறுக்கியோ பிடித்துத் திரட்டியோ, செங்குத்தாக வைத்து அழுத்தி, பொத்தானை அமுக்கி, கண்ணாடிச் சன்னல் முழுக்க மஞ்சளாகும் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். 15 நொடி வரை ஆகும். பாதியில் எடுத்துவிடுபவர்களுக்கு மருந்து தோலுக்கு மேலே வழிந்துவிடும். அப்படி ஆனால் இன்னொரு பேனாவை உடனே போட்டுக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இடம்: வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, அல்லது தொடையின் முன்பக்கம். மேல்கையின் வெளிப்பக்கம் என்றால் இன்னொருவர் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும். வேட்டிக் கட்டும் பாவாடை நாடாவும் உரசுகிற வரியில் போட்டால் மூன்று நாளைக்கு அரிப்பு இருந்துகொண்டே இருக்கும், அதற்குத் தொப்பையை விட்டுத் தொடைக்குப் போய்விடலாம். இன்சுலினும் போடுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே பக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது. இன்சுலின் பல வருடம் ஒரே இடத்தில் போட்டால் வரும் கொழுப்புக் கட்டியைக் காட்டி "இந்தப் புது ஊசியால் வந்தது" என்று சொல்வது நடக்கும். ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிறவர்கள் தங்கள் பேனாவின் மூடியில் இயற்கை ரப்பர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரெபாதாவின் சில வடிவங்களில் ஊசி மூடியில் அது உண்டு.

இனி உடல்வலி. இங்கேதான் நிதானம் வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விவரச் சீட்டில் சளி, தொண்டைக் கரகரப்பு, ஃப்ளூ, முதுகுவலி, தசைவலி என்று வரிசையாகப் போட்டிருக்கும். படித்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. எவோலோகுமாபின் 52 வார ஆய்வில் முதுகுவலி வந்தவர்கள் 6.2 சதவீதம். வெறும் ஊசி போட்டவர்களிலும் 5.6 சதவீதம் பேருக்கு முதுகுவலி. தசைவலி 4.0, வெறும் ஊசியில் 3.0. மூக்கு தொண்டைச் சளி 10.5, வெறும் ஊசியில் 9.6. அதாவது ஆயிரம் பேருக்கு ஊசி போட்டால், முதுகு வலித்த 62 பேரில் 56 பேருக்கு ஊசி இல்லாவிட்டாலும் வலித்திருக்கும். மீதி ஆறு பேரில் நீங்கள் ஒருவரா என்பதுதான் கேள்வி, அதை எண்களால் சொல்ல முடியாது, குறிப்பு நோட்டால்தான் சொல்ல முடியும்.

நம் ஊரில் முதுகு வலிக்கக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு குனிந்தபடியே பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்து, தோள்பட்டை, கட்டைவிரல், இடுப்பு எல்லாம் தொழிலின் வலி. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் சுமப்பவருக்கு ஒரு பக்கத் தோளும் இடுப்பும் வலிக்கும். அப்படிப்பட்ட வலிக்கு ஒரு அடையாளம் உண்டு: வேலை இல்லாத நாளில் குறையும், ஒரு பக்கமாக இருக்கும், எழும்பும்போது பிடிக்கும். மருந்தால் வரும் தசைவலி இரண்டு தொடை, இரண்டு தோள் என்று பெரிய தசைகளில் இரு பக்கமும் வருவது வழக்கம். இது கறாரான விதி இல்லை, ஆனால் ஓரளவுக்கு வழிகாட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் காய்ச்சல்களைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. சிக்குன்குனியா வந்தவருக்குக் கணுக்காலும் மணிக்கட்டும் விரல் மூட்டும் மாதக்கணக்கில் வலிக்கும், காலையில் கை மடக்க வராது. அதற்கு ஊசியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டெங்குவில் தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் ஊசி போட்டால் ரத்தக்கட்டு பெரிதாகும், எக்கோஸ்பிரினைத் தொடர்வதா என்பதையும் அன்றைக்கு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். காய்ச்சலடிக்கும் நாளில் ஊசித் தேதி வந்தால் நல்ல செய்தி ஒன்று: 14 நாள் ஊசிக்கு 7 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் போட்டுவிட்டு, அடுத்ததைப் பழைய தேதிப்படியே தொடரலாம். 7 நாள் தாண்டிவிட்டால் அந்த ஊசியை விட்டுவிட்டு அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரிந்த பிறகு ஊசி போட்டால் எது எதனால் என்ற குழப்பமே வராது. இன்கிளிசிரானுக்கு இன்னும் தாராளம், மூன்று மாதத்துக்குள் தாமதமானால் போட்டுக்கொண்டு தொடரலாம். அதற்கு மேல் போனால் முதல் ஊசி, மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

அடுத்தது கூட இருக்கும் ஸ்டாடின். ஊசி வந்த பிறகும் பெரும்பாலோர் ரோசுவாஸ்டாடினோ அடார்வாஸ்டாடினோ தொடர்கிறார்கள். தசைவலிக்கு அதுவும் காரணமாகலாம். ஆனால் பல வருடமாக ஒத்துக்கொண்ட ஸ்டாடின் திடீரென்று வலிக்க வைத்தால், அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிட்ட வேறொரு மருந்தைத் தேட வேண்டும். இரண்டு ஆசாமிகள் அடிக்கடி அகப்படுவார்கள். ஒன்று, சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின். இன்னொன்று, படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல். நம் வேர்வைக்குப் படர்தாமரை இல்லாத வீடு குறைவு, அந்த மாத்திரையை வாரக்கணக்கில் தருவார்கள். இந்த இரண்டோடும் சிம்வாஸ்டாடின் சேரவே கூடாது. அடார்வாஸ்டாடின் என்றால் அளவு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ரோசுவாஸ்டாடினுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தோல் மருத்துவரிடம் இருதய மாத்திரைச் சீட்டைக் காட்டாததால் வரும் வலி, ஊசியின் பெயரில் எழுதப்பட்டுவிடும். கௌட் எனும் யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குச் சாப்பிடும் கோல்சிசினும் ஸ்டாடினோடு சேர்ந்தால் தசையைப் பாதிக்கலாம்.

தைராய்டையும் விடக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் கொழுப்பும் ஏறும், உடம்பும் வலிக்கும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை பார்க்காமல் இத்தனை விலை உள்ள ஊசிக்குப் போவதே சரியில்லை என்பேன். விட்டமின் டி குறைந்தாலும் உடம்பு வலிக்கும்.

வலி வந்தால் செய்யும் முதல் காரியம் தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஒரு டைக்ளோஃபினாக் வலி ஊசி. இருதய நோயாளிக்கு இது மூன்று விதத்தில் கேடு. மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். எக்கோஸ்பிரின், குளோபிடோகிரெலோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். மூன்றாவது யாரும் நினைக்காதது: தசையில் போடும் எந்த ஊசியும் சி.பி.கே. (தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் நொதி) அளவை ஏற்றிவிடலாம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் சி.பி.கே. கூடியிருந்தால், தசை நிஜமாகவே பாதித்ததா, இடுப்பில் குத்தியதால் ஏறியதா என்று பிரிக்க முடியாது. நெல் மூட்டை தூக்கிய மறுநாளும், கீழே விழுந்த மறுநாளும் இப்படியே ஏறும். சி.பி.கே. கொடுக்கப் போகிறவர் நாலைந்து நாள் கடின வேலை இல்லாமல், தசை ஊசி இல்லாமல் இருந்து போவது நல்லது. அதுவரை பாரசிட்டமால் போதும், கல்லீரல் கோளாறு இருந்தால் அளவைக் கேட்டுக்கொண்டு. சிறுநீர் காப்பித்தண்ணி நிறத்தில் போனாலோ, உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பவே முடியாத பலவீனம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை.

ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாமல் ஊசிக்கு வந்தவர்களுக்கு ஒரு ஆறுதல் 2016ன் காஸ்-3 ஆய்வு. ஸ்டாடினால் தசைவலி என்று உறுதியானவர்களுக்கு எவோலோகுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். தசையில் ஏதாவது தொந்தரவு சொன்னவர்கள் 20.7 சதவீதம். ஆனால் தாங்க முடியாமல் ஊசியை நிறுத்தியவர் 145 பேரில் ஒரே ஒருவர். அதே ஆய்வில் கொழுப்பைக் குறைக்கும் எசெடிமைப் மாத்திரை எடுத்தவர்களில் 28.8 சதவீதம் பேர் தசைத் தொந்தரவு சொன்னார்கள். 2020ன் சாம்சன் ஆய்வோ இன்னும் கூர்மையானது: ஸ்டாடின் சாப்பிட்ட மாதங்களில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இருந்தது. இதைச் சாக்காக வைத்து "உனக்கு எல்லாம் மனசுதான்" என்று நோயாளியை அடக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வலி நிஜம். எதனால் என்பதில்தான் சந்தேகம்.

மறதி வரும் என்று ஒரு பேச்சு உண்டு. மூளைக்குக் கொழுப்பு வேண்டுமே, எல்.டி.எல். 30க்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்ற பயம். அதற்கென்றே நடத்திய எபிங்காஸ் ஆய்வில் (2017) நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. புதிதாகச் சர்க்கரை வருவதும் ஃபூரியேயில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தியாவில் 2024ல் இருதயவியல் சங்கம் தந்த வழிகாட்டலில் மிக அதிக அபாயம் உள்ளவருக்கு எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் 28 என்று பார்த்ததும் ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மருத்துவர் விரும்பினால் கூட இருக்கும் மாத்திரையின் அளவைக் குறைப்பார்.

பக்கவிளைவு என்று சொல்லப்படாத, ஆனால் நம் சீமையில் மெய்யாகவே நடக்கும் கோளாறு வெயில். எவோலோகுமாபும் அலிரோகுமாபும் 2 முதல் 8 டிகிரியில் அட்டைப் பெட்டியோடு இருக்க வேண்டும். வெளியே அதிகபட்சம் 25 டிகிரி வரை 30 நாள் வைக்கலாம் என்று சீட்டில் இருக்கும். அதை நம்பிப் பீரோவில் வைக்கிறார்கள். திருநெல்வேலியில் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் அறை எந்த மாதத்தில் இருக்கிறது? கத்திரி வெயிலில் பாதி ராத்திரிகூட அப்படி இருக்காது. அந்தச் சலுகையை நம் ஊருக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வாங்கி வருபவர்கள் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பையின் மேலேயே மருந்தை வைத்துவிடுவார்கள். அதுவும் கெடுதல், மருந்து உறைந்தால் திரும்பக் கரைந்தாலும் தூரப் போட வேண்டியதுதான். ஐஸ் பையைத் துண்டில் சுற்றி, நடுவே அட்டை வைத்து, மருந்துப் பெட்டியை ஒட்டாமல் வைக்க வேண்டும். வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின் சுவரை ஒட்டியோ ஃப்ரீசருக்கு நேர் கீழேயோ கதவிலோ வேண்டாம், நடுத்தட்டு. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். இன்கிளிசிரானுக்கு இந்தத் தொல்லை இல்லை, குளிர் தேவையில்லாத மருந்து, உறையாமல் இருந்தால் போதும்.

வெயிலில் கெட்ட மருந்து எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருக்க வேண்டியது கலங்கியோ துகளோடோ இருந்தால் போடக் கூடாது. தெளிவாகவே இருந்தும் சக்தி போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எல்.டி.எல். பரிசோதனை. ஊசி தொடங்கிய 4 முதல் 12 வாரத்துக்குள் அதை எடுத்தால், முன்னிருந்த அளவில் பாதிக்குமேல் குறைந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை 420 மி.கி. போடுகிறவர் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும், இடையில் எடுத்தால் அளவு முன்பின்னாக இருக்கும். குறையவே இல்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுமுன், அது எந்த வழியாக, எத்தனை மணி நேரம், எதில் வந்தது என்று கேட்க வேண்டும். எல்.டி.எல். குறையவே இல்லை, ஆனால் "பக்கவிளைவு" மட்டும் பலமாக இருக்கிறது என்றால், அந்த வலி ஊசியால் வந்தது என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது.

குறிப்பு நோட்டு பெரிய வேலை இல்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றே போதும். ஊசி போட்ட தேதி, நேரம், உடம்பில் எந்த இடம், பெட்டியில் உள்ள பேட்ச் எண், வெளியே எவ்வளவு நேரம் வைத்தது ஒரு வரி. தொந்தரவு தொடங்கிய நாள், உச்சம், முடிந்த நாள் அடுத்த வரி. அந்த வாரம் சாப்பிட்ட மற்ற மாத்திரை, கஷாயம், லேகியம், காய்ச்சல், கடின வேலை மூன்றாவது வரி. மூன்று ஊசிக்கு எழுதினால் கதை தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டாம் மூன்றாம் நாள் தொடங்கி ஆறாம் நாள் வடிந்தால் ஊசியின் மேல் சந்தேகம் வலுக்கும். ஊசி நாளுக்கும் வலிக்கும் ஒட்டே இல்லாமல் தினமும் இருந்தால் வேறெங்காவது தேட வேண்டும்.

நிறுத்திப் பார்ப்பது என்று மருத்துவர் முடிவு செய்தால் ஒரு நேரத்தில் ஒன்று. ஊசியைத் தள்ளினால் ஸ்டாடினும் எசெடிமைப்பும் அப்படியே தொடர வேண்டும். ஸ்டாடினை நிறுத்திப் பார்க்கும்போது ஊசி தொடர வேண்டும். ஸ்டாடின் நின்று இரண்டு மூன்று வாரத்தில் வலி தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது. ஊசி என்றால் பொறுமை வேண்டும், முன்னே சொன்ன கணக்குப்படி இரண்டு மூன்று மாதம். அதற்குள் எல்.டி.எல். மெல்லப் பழைய இடத்துக்கு ஏறும், அதைத் தாண்டித் துள்ளாது. ஊசி நிஜமாகவே ஆகாது என்று தெரிந்தவருக்கு மற்ற ஊசி, எசெடிமைப், பெம்பெடோயிக் ஆசிட் என்று வழிகள் இருக்கின்றன. பெம்பெடோயிக் ஆசிட் யூரிக் ஆசிடை ஏற்றும், கௌட் உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சந்தேகம் என்றாலும் பதிவு செய்யலாம், நிரூபிக்கத் தேவையில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் பகலில் எடுப்பார்கள். பொதுமக்கள் நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. அவர்கள் கேட்பதில் பாதி அந்த நோட்டிலேயே இருக்கும், பேட்ச் எண் உட்பட. பேனாவை ஊசி குத்தாத தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியை மட்டும் அடுத்த ஊசி வரைக்கும் தூரப் போட வேண்டாம்.